ஓய்வு கொடுத்தால் விமானம் ரத்தாகுமா? விமானிகளின் களைப்பும் நமது பயணப் பாதுகாப்பும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் பெரிய விமான நிலையங்கள் பண்டிகைக் காலப் பேருந்து நிலையங்களைப் போலக் காட்சியளித்தன. பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடக்க, குழந்தைகளும் முதியவர்களும் தரையில் படுத்துக் கிடந்தார்கள். டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாட்களில் இண்டிகோ நிறுவனம் 2,507 விமானங்களை ரத்து செய்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். டெல்லியிலிருந்து புறப்பட வேண்டிய அந்நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்கள் அனைத்தும் டிசம்பர் 5 அன்று நள்ளிரவு வரை ரத்தாயின.

திருமணத்துக்கும், ஜனாஸாவுக்கும், நேர்முகத் தேர்வுக்கும் போக முடியாமல் தவித்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால், "விமானிகளுக்கு அதிக ஓய்வு கொடுக்கச் சொன்ன புதிய விதியால்தான் இத்தனையும் நடந்தது" என்ற பேச்சு அந்தக் கோபத்தோடு சேர்ந்து பரவியது. இந்தப் பேச்சு உண்மையா, இதை நாம் ஏற்றுக்கொள்ளலாமா என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேனி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. இருந்தாலும் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி பகுதிகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ உறவினர் இல்லாத குடும்பங்கள் குறைவு. உம்ராவுக்குப் போகிறவர்களும் ஆண்டுதோறும் அதிகரிக்கிறார்கள். மதுரை, திருச்சி, கொச்சி என்று எந்த விமான நிலையத்துக்குப் போனாலும், நம்மவர்கள் ஏறுவது பெரும்பாலும் கட்டணம் குறைந்த விமானங்களில், அதுவும் நள்ளிரவிலோ அதிகாலையிலோ. விமானிகளின் களைப்பு அதிகம் வெளிப்படக்கூடிய நேரமும் அதுதான்.

புதிய விதி என்ன சொன்னது?

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., விமானிகளின் பணி நேரம் மற்றும் ஓய்வு தொடர்பான திருத்தப்பட்ட விதிகளை 2024 ஜனவரியில் வெளியிட்டது. அதன் முக்கிய அம்சங்கள் எளிமையானவை. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவுப் பணி என்பது நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை என்றிருந்தது, காலை 6 மணி வரை என நீட்டிக்கப்பட்டது. இரவுப் பணியில் ஒரு விமானி 6 முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்தது 2 முறையாகக் குறைக்கப்பட்டது. விமானிகளின் களைப்பு குறித்து நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்றும் கூறப்பட்டது.

இந்த விதிகள் 2024 ஜூன் 1 முதலே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். விமான நிறுவனங்களின் எதிர்ப்பால் அவை தள்ளிப்போடப்பட்டன. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கை நடத்திய பிறகே, 2025 ஜூலை 1 முதல் ஒரு பகுதியும் நவம்பர் 1 முதல் மீதிப் பகுதியும் அமலுக்கு வந்தன. அதாவது விதி வெளியானதிலிருந்து முழுமையாக அமலாகும் வரை நிறுவனங்களுக்குக் கிடைத்த கால அவகாசம் ஏறத்தாழ 22 மாதங்கள்.

உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கும் மேல் கையில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், அந்த 22 மாதங்களில் தேவையான விமானிகளைத் தயார் செய்யவில்லை. பிறகு விமானங்கள் ரத்தானபோது அரசு செய்தது என்ன? டிசம்பர் 5 அன்று, இண்டிகோவின் ஏ320 ரக விமானங்களுக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. வார ஓய்வுக்குப் பதிலாக விமானியின் விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையையும் எல்லா நிறுவனங்களுக்கும் திரும்பப் பெற்றது. நிறுவனத்துக்கு 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது உண்மைதான், ஆனால் அது அடுத்த மாதம் வந்தது. அதற்கு முன்பே விட்டுக்கொடுக்கப்பட்டது விமானியின் தூக்கம்.

மங்களூரு சொன்ன பாடம்

களைப்பு என்றால் வெறும் உடல்வலி என்று நினைத்துவிடக் கூடாது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் காலை 6 மணி கடந்த சில நிமிடங்களில் தரையிறங்கியபோது ஓடுபாதையைத் தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் மட்டுமே பிழைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவில் உழைத்துவிட்டு விடுப்பில் வீடு திரும்பியவர்களும் அவர்களது குடும்பத்தினரும்.

விசாரணை நீதிமன்றத்தின் அறிக்கை தெரிவித்த ஒரு விவரம் நெஞ்சை உலுக்குவது. விமானம் பறந்த நேரத்தில் தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருக்கிறார். குரல் பதிவுக் கருவியில் அவரது குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுமையாக விழிப்பதற்குச் சிறிது நேரம் ஆகும். அந்த மந்த நிலையில்தான் அவர் தரையிறக்க முடிவுகளை எடுத்தார் என்று அறிக்கை சுட்டிக்காட்டியது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே எழும்பும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். அந்தக் குரல் தலைமை விமானியின் கவனத்தை எட்டவில்லை.

அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை மனித உடலின் விழிப்பு மிகக் கீழே போகும் நேரம். எவ்வளவு அனுபவமிக்க விமானியாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இணையாக இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் சாலையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 0.03 சதவீதம்தான். விமானிக்கோ, பறப்பதற்கு முன் மூச்சுப் பரிசோதனையில் மதுவின் சுவடுகூட இருக்கக் கூடாது. மது அருந்திய விமானியைக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் தூக்கமில்லாத விமானியைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு கருவி வாசலில் இல்லை. பணி அட்டவணையில் கட்டாய ஓய்வு இருப்பது ஒன்றே அதற்கான பாதுகாப்பு.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்த விபத்தில் இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். தலைமை விமானி நிர்ணயிக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றாததே காரணம் என்றது விசாரணை அறிக்கை. கூடவே, மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை அவர் ஓட்ட வேண்டியிருந்ததும், அங்கு போதுமான தலைமை விமானிகள் இல்லாததும் அவரது முடிவைப் பாதித்திருக்கலாம் என்று பேசியது. அங்கே பேசப்பட்டது தூக்கம் அல்ல, பணி அட்டவணையின் அழுத்தம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: போதிய ஆள் இல்லாமல் விமானம் ஓட்டுவது.

சிறிய விமானங்கள், அதிக தரையிறக்கங்கள்

பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பிராந்திய விமான சேவைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. 2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் மூலம் சேலம் போன்ற ஊர்களுக்கும் விமானம் வந்தது. இவ்வழித்தடங்களில் ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்கள் ஒரே நாளில் பல குறுகிய பயணங்களைச் செய்கின்றன. ஒவ்வொரு பயணத்திலும் விமானி அதிக கவனம் செலுத்த வேண்டிய கட்டங்கள் புறப்பாடும் தரையிறக்கமும்தான். நான்கு மணி நேரம் ஒரே மூச்சில் பறப்பவரை விட, அதே நேரத்தில் நான்கு ஊர்களில் இறங்கி ஏறுபவர் அதிகம் களைத்துப்போகிறார். தரையிறக்கங்கள் கூடக்கூட அனுமதிக்கப்படும் பணி நேரத்தை விதிகள் குறைப்பதும் இதனால்தான்.

அனுபவம் சேர்ந்தவுடன் விமானிகள் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடுவதால், சிறிய நிறுவனங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்படுவது உலகம் முழுவதும் உள்ள நிலை. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகருக்கு அருகே விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய இரவு தலைமை விமானி விமான நிலையத்தின் பணியாளர் அறையில் தங்கியிருந்தார். துணை விமானி நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் இடைவிடாத போராட்டத்தால் 2010-ல் சட்டம் வந்தது. 2014 ஜனவரி முதல், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும் அதில் 8 மணி நேரம் தடையின்றித் தூங்கும் வாய்ப்பும் பயணிகள் விமானிகளுக்குக் கட்டாயமாயின. அங்கே பயணிகளின் குடும்பங்கள் விமானியின் ஓய்வுக்காகப் போராடின. இங்கே அந்த ஓய்வே பயணிகளின் எதிரியாகக் காட்டப்படுகிறது.

கட்டணம் கூடிவிடாதா?

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஓய்வு அதிகமானால் கூடுதல் விமானிகள் வேண்டும். ஒரு தலைமை விமானியை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். செலவு கூடினால் கட்டணம் ஏறும், இலாபம் குறைந்த சிறிய ஊர் வழித்தடங்கள்தான் முதலில் நிறுத்தப்படும். மதுரையை நம்பியிருக்கும் நமக்கு இது சாதாரண இழப்பு அல்ல.

ஆனாலும், இருக்கும் விமானிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விமானங்களை இயக்குவதுதான் முறை. இயக்க முடியாத விமானங்களுக்குப் பயணச்சீட்டு விற்றுவிட்டு, கடைசி நாளில் விதியின் மீது பழி போடுவது வணிக நேர்மை அல்ல. சீட்டு விலையில் குறையும் சில நூறு ரூபாயை யாரோ ஒருவரின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால், அது நமக்கு இலாபமும் அல்ல.

விமான நிலையம் வரையிலான சாலை

இந்தக் கேள்வி வானத்தோடு முடிந்துவிடுவதில்லை. கம்பத்திலிருந்து மதுரை விமான நிலையம் 100 கிலோமீட்டருக்கும் மேல். கொச்சிக்குப் போவதென்றால் லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். அதிகாலை விமானத்தில் வருபவரை அழைக்க இரவே வண்டி கிளம்புகிறது. விமானம் தாமதமானால் ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே கண் விழித்துக் காத்திருக்கிறார். விடிந்து ஊர் வந்ததும் அவருக்கு அடுத்த சவாரி தயாராக இருக்கிறது.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. நாம் வாடகைக்குப் பிடிக்கும் வண்டியில் இதை யார் கணக்கிடுகிறார்கள்? விமானிக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்கும் நாம், நம் வீட்டுப் பிள்ளையை அழைத்துவரும் ஓட்டுநரிடம் "இன்று தூங்கினீர்களா?" என்று கேட்பதில்லை. அவர் இரண்டு மணி நேரம் கண்ணயர்வதற்காக வண்டியை நிறுத்தினால் முகம் சுளிக்காமல் இருப்பதும், நீண்ட பயணத்துக்கு இரண்டாவது ஓட்டுநருக்கான பணத்தைக் கொடுப்பதும் நம் கையில் இருக்கின்றன.

நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலாவதாக, ஓய்வு விதிகளிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் இனி விலக்கு அளிக்கக் கூடாது. ஆள் இல்லையென்றால் விமானங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே குறைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதாக, விமானிகளின் களைப்பு குறித்து நிறுவனங்கள் தரும் காலாண்டு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மூன்றாவதாக, "நான் களைத்திருக்கிறேன், இன்று ஓட்ட மாட்டேன்" என்று சொல்லும் விமானி தண்டிக்கப்பட மாட்டார் என்ற உறுதி ஏட்டளவில் நிற்காமல் நடைமுறையில் இருக்க வேண்டும். இவற்றை நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்துப்பூர்வமாகவே கேட்கலாம்.

பயணிகளாக நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டதால் விமானம் தாமதம் என்ற அறிவிப்பு வந்தால், கவுண்டரில் நிற்கும் ஊழியரிடம் சண்டை போடுவதற்கு முன் ஒரு நொடி யோசிப்போம். சாப்பாடு, தங்குமிடம், பணத்தைத் திரும்பப் பெறுதல் என நமக்குரிய உரிமைகளை நிறுவனத்திடம் விட்டுக்கொடுக்காமல் கேட்போம். ஆனால் அந்த விமானியையே திரும்ப அழைத்து வந்து ஓட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும் தம் உயிரை முன்பின் தெரியாத இருவரிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார்கள். அந்த இருவரும் தூங்கி எழுந்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. பயணச்சீட்டின் விலையில் அதுவும் சேர்த்தி.