புஷ் போயிட்டா ஆர்மையே மாத்தணுமா?

பயிற்சிக்குப் போன ஒர்க்ஷாப்பில் ஒரு பழைய மாருதி 800 வந்தது. 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்'. லோயர் ஆர்ம் வளையவில்லை, பால் ஜாயின்ட் ஆடவில்லை, ரப்பர் புஷ் மட்டும் கிழிந்திருந்தது. ஆனால் இரண்டு ஆர்மையும் மாற்றினார்கள். வண்டிக்காரர் கடன் வாங்கி பில் கட்டினார். நான் வாய்மூடி நின்றேன்.

என் கருத்து இதுதான். ஆர்ம் வளைந்தாலோ, துரு அரித்தாலோ, பால் ஜாயின்ட் தேய்ந்தாலோதான் ஆர்மை மாற்றணும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் நல்ல ரப்பர் புஷ் போதும். போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது; சக்கரத்தில் பாரம் ஏறியபின் இறுக்கணும். இல்லாட்டி புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

அடுத்த முறை நான் வாயைத் திறப்பேன். நீங்களும் திறங்க!