ஸ்ராட் வராத லொறி: பழுது எங்கே இருக்கிறது?

பரந்தன் பக்கமாக உள்ள ஒரு கராஜில் அண்மையில் பழைய எல்ஃப் லொறி ஒன்று நின்றது. வயது 25ஐத் தாண்டியிருக்கும். காலையில் ஸ்ராட் வரவில்லை என்பதற்காக, உரிமையாளர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு புதிய பற்றறிகள் வாங்கிப் பூட்டியிருந்தார். புதிய பற்றறிக்கும் லொறி அசையவில்லை. மெக்கானிக் சேசியில் பூட்டியிருந்த எர்த் வயரின் நட்டைக் கழற்றி, கறலைச் சுரண்டி, திரும்ப இறுக்கினார். இஞ்சின் உடனே பிடித்தது. கூலியாக அவர் கேட்டது ஒரு பிளேன்ரீ. சங்கிலி இன்னமும் அடகில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வெங்காயமும் பீற்றூட்டும் இரவோடு இரவாகத் தம்புள்ளைக்குப் போவதும், முல்லைத்தீவு மீன் ஐஸ் உருக முன்னர் கொழும்பைச் சேர்வதும் பெரும்பாலும் இத்தகைய பழைய லொறிகளில்தான். ஒரு நாள் ஓடாவிட்டால் ஒரு நாள் கூலி போகிறது என்பதோடு முடிவதில்லை. ஏற்றிய மரக்கறி வாடுகிறது, தோட்டக்காரர் அடுத்த முறை வேறு லொறியைக் கூப்பிடுகிறார். அந்தப் பதற்றத்தில்தான் பழுது எதுவென்று தெரிய முன்னரே காசு செலவாகிறது.

ஸ்ராட் வராத டீசல் லொறி, தன் நோயைத் தானே ஓரளவு சொல்லிவிடும். ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி, 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பற்றறி இறங்கியிருக்கிறது, அல்லது ரேமினலிலோ எர்த் வயரிலோ கறல் பிடித்திருக்கிறது. ரேமினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சுடுநீர் ஊற்றிக் கழுவுவதற்குச் செலவில்லை. ஓய்ந்திருக்கும் நல்ல 12 வோல்ட் பற்றறி மீற்றரில் 12.6 அளவில் காட்டும். 12.2க்குக் கீழே போனால் அது பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவேண்டும். வெளிச்சம் மங்காமல் சத்தமும் வராவிட்டால், சாவி சுவிச்சிலோ ஸ்ராட்டர் மோட்டரிலோதான் பார்க்கவேண்டும். அதற்குப் பற்றறி மாற்றி ஒரு பயனும் இல்லை.

இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் சைலன்சரைப் பார்க்கவேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. ராங்கியில் டீசல் வற்றவிட்டு மறுபடி நிரப்பியவர்களுக்கும், பில்டர் மாற்றியவர்களுக்கும் பெரும்பாலும் லைனில் காற்றுப் பிடித்திருக்கும். பில்டருக்கு மேலுள்ள சிறிய போல்ற்றைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாத டீசல் வரும்வரை விடவேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள். ஹீற்றர் பிளக் வேலை செய்யாமல் இருக்கலாம். தேய்ந்து கொம்பிரஷன் குறைந்த இஞ்சினும் இப்படித்தான் புகைக்கும், அது மட்டுமே உண்மையில் பெரிய செலவு. (இஞ்சினை நிறுத்துவதற்கு இழுத்த கம்பியைத் திரும்ப உள்ளே தள்ள மறந்துவிட்டு, அரை மணித்தியாலம் ஸ்ராட்டரைச் சூடாக்கியவர்களையும் கண்டிருக்கிறேன்.)

இந்த ஒழுங்கு எங்களுடைய பழைய மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. பிரச்சினை எங்களிடம் ஊறிப்போன இன்னொரு பழக்கத்தில் இருக்கிறது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் எரிபொருள், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் வடக்குக்குத் தடைப்பட்டன. சூப்பிப் போத்தலில் இருந்த கொஞ்சப் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அதைப் பெருமையாகச் சொல்வதில் பிழையில்லை, அந்த வித்தை இல்லாவிட்டால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க முடியாது. ஆனால் அது ஒரு முற்றுகைக் கால வைத்தியம். இன்று அதே மனநிலையில் பில்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுப்பதும், ஸ்பிரே அடித்து இஞ்சினைப் பிடிக்கவைப்பதும், டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலப்பதும் லொறியின் ஆயுளைத் தின்கின்றன. டீசல் பம்பை உள்ளே மசகிட்டு வைத்திருப்பது டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறுமுன்னர், டீசல் 430 ரூபாயாக இருந்தது. அந்த வித்தியாசத்தில் கலக்காமல் இருந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்வது சங்கடம். அன்று மிச்சம்பிடித்த காசு இன்று பம்பு வேலையாகத் திரும்பி வருகிறது.

அதேவேளை, பழுதை மக்களின் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் வாகன இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்தது என்றால், உள்ளூரில் கிழட்டு லொறிக்கும் விலை ஏறும். இடைப்பட்ட காலத்தில் 180 ரூபாய் அளவில் இருந்த டொலர் 300 ரூபாய் அளவுக்குப் போனது, பெறுமதி சேர் வரி 18 வீதமானது. கதவு திறந்தபோது உள்ளே போவதற்கான கட்டணம் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கொழும்பில் நிலையான வருமானமுள்ளவர் லீசிங் எடுக்கலாம். வன்னியில் போகம் பார்த்து உழைப்பவருக்கு மாதத் தவணை கழுத்துக் கயிறு. ஆகவே பழைய லொறியைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர அவருக்கு வழி வைக்கப்படவில்லை. 'வடக்கு மக்கள் எதையும் சமாளிப்பார்கள்' என்று மேடைகளில் கேட்கும் பாராட்டை நான் சந்தேகத்துடன் பார்ப்பது இதனால்தான். சமாளிப்பவர்களுக்கு நிவாரணம் கொடுக்கவேண்டிய அவசரம் எந்த அரசாங்கத்துக்கும் வருவதில்லை.

பணம் இருந்தாலும் அசையாத லொறிகளும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் லொறி, யுத்தத்தின் இறுதிக்கு முன்னரே வவுனியாவில் உறவினர் வளவில் நிறுத்தப்பட்டதால் தப்பியது. அதைப் பதிந்த பெயருக்குரியவர் 2009 மே மாதத்துக்குப் பின் வீடு திரும்பவில்லை. பெயர் மாற்றவேண்டுமானால் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். கையளித்த கணவனை இறந்தவராக எழுதிக்கொடுக்க மனைவி மறுக்கிறார். மரணத்துக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருப்பதைப் பதிவுசெய்யும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அதைப் பெறுவதும் விசாரணையை மூடுவதற்கான முதற்படி என்ற அச்சம் அவருக்கு உண்டு, அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. விற்கவும் முடியாது, அதைக் காட்டிக் கடன் எடுக்கவும் முடியாது.

அந்த லொறியின் இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. மகன் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்ராட் பண்ணி, பத்து நிமிடம் ஓடவிட்டு, பற்றறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறான்.