லைசென்ஸ் சண்டையில் யார் தலை உருண்டது?

2004 ஜூலையில் பிஎச்பி 5 வந்தபோது, பிஎச்பி 4-இல் கூடவே வந்த மைஎஸ்க்யூஎல் லைப்ரரியைக் கழற்றிவிட்டார்கள். லைப்ரரியின் லைசென்ஸ் ஜிபிஎல்லுக்கு மாறியது முக்கியக் காரணம். மைஎஸ்க்யூஎல்காரர்கள் அதே வருஷம் விதிவிலக்கும் கொடுத்தார்கள். அப்புறமும் பழைய ஏற்பாடு திரும்பவில்லை!

அப்போது விண்டோஸில் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து அரைப்புள்ளியை எடுக்க வேண்டியிருந்தது. லிப்மைஎஸ்க்யூஎல்.டிஎல்எல் கோப்பும் விண்டோஸ் தேடுகிற இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று பிசகினாலும் பக்கத்தில் 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்றொரு ஃபங்ஷனே இல்லை' என்று வந்தது. புதுசாகப் படித்தவனுக்கு இதில் என்ன புரிந்திருக்கும்?

பி.காம். பாஷையில் சொன்னால், தங்கள் செலவை அடுத்தவன் கணக்கில் பற்று எழுதிவிட்டார்கள். மாற்றாக மைஎஸ்க்யூஎல்என்டி வந்தது 2009-இல், பிஎச்பி 5.3-உடன். அதை முடித்துவிட்டுக் கழற்றியிருக்கக் கூடாதா சாமிகளா?