விரல் நீள மீனும் டெலிகோ அணையும்



மீன்களைச் சிற்றினம் பிரிக்கும் முறையை எங்கள் உயிரியல் ஆசிரியை கற்பித்தபோது, துடுப்பு முட்களை எண்ணுங்கள், செதில்களை எண்ணுங்கள் என்றார்கள். இதற்கு அம்மாவை மீன் சந்தைக்கு அழைத்துப் போனால் போதாதா என்று எங்களுள் சிலர் மெல்லச் சிரித்தோம். செதிலை எண்ணிச் சூட்டிய ஒரு பெயர் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனதைப் படித்தபின் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லிட்டில் டென்னசி என்றோர் ஆறு. அதன்மீது 1967 முதல் டெலிகோ அணை எழுந்துகொண்டிருந்தது. 1973 ஆகஸ்டில் டேவிட் எட்னியர் என்ற மீனியல் பேராசிரியர் அந்த ஆற்று நீரில் இறங்கித் தேடுகையில், அடிமணலில் ஒரு சிறு மீனைக் கண்டார். விரல் நீளந்தான் இருக்கும். நத்தைகளைத் தின்று வாழ்வது. 'ஸ்னெயில் டார்ட்டர்' என்று அழைத்தனர். 1976-இல் எட்னியர் அதற்குப் 'பெர்சினா டனாசி' என்ற அறிவியற் பெயரைச் சூட்டி, தனிச் சிற்றினம் என்று எழுதினார். அதற்குள் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களைக் காக்கும் சட்டமும் 1973-இலேயே வந்திருந்தது. வழக்கு மூண்டது. அணை ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், 1978 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மீனின் பக்கம் தீர்ப்பளித்தது.

வியப்பு என்னவென்றால், அடுத்து 1979 ஜனவரியில் கூடிய உயர்நிலைக் குழுவும் அணைக்கு விலக்குத் தர மறுத்தது. மீன்மீது கொண்ட இரக்கத்தால் அன்று. மிச்சமுள்ள வேலைக்கு ஆகும் செலவுக்குக்கூட அணையின் பயன் ஈடாகாது என்று கணக்குப் பார்த்து மறுத்தது! ஆயினும் அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு நிதி மசோதாவுக்குள் விலக்கைச் செருகி நிறைவேற்றிவிட்டது. நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன.

இப்போது கதையின் புதுப் பகுதி. 2025 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நியர் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரு மீன்கூட்டங்கள் நெடுங்காலம் கலவாமல் தனித்தனியே வாழ்ந்தால், அவற்றின் டி.என்.ஏ. எழுத்துகளில் வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே போகும். இவர்கள் ஜீனோமின் பல இடங்களில் அவ்வெழுத்துகளை ஒப்பிட்டார்கள். செதில்களையும் மறுபடி எண்ணினார்கள். தனிச் சிற்றினம் என்று சொல்லுமளவு வேறுபாடு இல்லை. ஸ்னெயில் டார்ட்டர் என்பது, மேற்கே மிசௌரி, ஆர்க்கன்சா பகுதி ஆறுகளில் வாழும் 'ஸ்டார்கேசிங் டார்ட்டர்' என்னும் மீனின் கிழக்குக் கூட்டமே என்றனர்.

இதைப் பற்றிப் பேசியபோது வகுப்பு இரண்டாயிற்று. "அப்படியானால் அந்த வழக்கே பொய்தானே?" என்றாள் ஒரு தோழி. "இந்த ஆய்வை வெளியிட்டிருக்கவே கூடாது; இனி அணை கட்டுவோர் எல்லாரும் இதையே காட்டுவார்கள்" என்றாள் மற்றொருத்தி. நாங்கள் இருவரோடும் உடன்படவில்லை.

முதலில் இரண்டாமவளுக்கு. காட்டிற்கும் ஆற்றிற்கும் உதவும் பொய்யானாலும் பொய் பொய்தான். நமக்குப் பிடித்த முடிவைக் காக்க உண்மையைப் பெட்டியில் பூட்டினால், நாளை நாம் மெய்யாகவே அபாயம் என்று கூவும்போது யார் நம்புவார்? மேலும், ஜீனோம் ஆய்வு எப்போதும் இரண்டை ஒன்றாக்குவதுமில்லை. ஒன்றென நினைத்த மீனைப் பலவாகப் பிரித்துக் காட்டுவதும் உண்டு. பிரிக்கும்போது மகிழ்ந்து, சேர்க்கும்போது முகஞ்சுளிப்பது நேர்மையாகுமா? வேறுபாடு எவ்வளவு என்பதை ஜீனோம் சொல்லும். எந்த அளவில் கோடு கிழிப்பது என்பதை மனிதர்தாம் முடிவு செய்கிறார்கள். அதனால் வாதம் இன்னும் நடக்கலாம், நடக்கட்டும். சான்றைக் கொண்டு நடக்கட்டும்.

இனி முதலாமவளுக்கு. எட்னியர் பொய் சொல்லவில்லை. அன்று அவர் கையிலிருந்தவை உருப்பெருக்கியும் எண்ணிக்கையுந்தான். அவற்றைக் கொண்டு கண்டதை எழுதினார். அதோடு, பெயர் தவறென்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு விழுந்துவிடாது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களைப் பாருங்கள்: முழுச் சிற்றினத்தை மட்டுமன்று, ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்து தம்முள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தையும் அது காத்தது. கிழக்குக் கூட்டம் என்று எழுதியிருந்தாலும் வழக்காடியிருக்கலாம்.

எங்கள் மனத்தை உறுத்துவது வேறு. அந்தப் பள்ளத்தாக்கில் உழவர்களின் வளமான நிலங்கள் இருந்தன. செரோக்கி மக்களின் பழைய ஊர்களான சோட்டாவும் டனாசியும் இருந்த இடங்கள் அங்கேதான்; டென்னசி என்ற பெயர் பிறந்ததே அந்த டனாசியிலிருந்து. இத்தனை பேருடைய வழக்கையும் ஒரு சிறு மீனின் முதுகில் ஏற்றவேண்டி வந்ததே! உழவரின் குரலுக்கும் செரோக்கியரின் குரலுக்கும் நேரே செவிசாய்த்திருந்தால், அது எந்தச் சிற்றினம் என்ற கேள்வி அறிவியலாரின் மேசையோடு நின்றிருக்கும். நீதிமன்றப் படி ஏறியிராது.

மீன் பிழைத்துக்கொண்டது. முன்கூட்டியே ஹைவாசி ஆற்றில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். பிறகு வேறு ஆறுகளிலும் கண்டெடுத்தார்கள். 2022-இல் அபாயப் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். டனாசி இருந்த இடம் மட்டும் இன்றும் ஏரி நீருக்கடியில் கிடக்கிறது.