ஊர் கூடி எழுப்பிய காற்றாலைகள்

காற்றிலிருந்து மின்சாரம் தயாரிப்பதே வேண்டாம் என்று சொல்பவர்கள் இன்று மிகச் சிலரே. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு புவியைச் சூடாக்குகிறது. காற்றாலையோ புகையின்றி மின்சாரம் தருகிறது. ஆயினும், ஓர் ஊருக்கு அருகே காற்றாலைப் பண்ணை அமையப்போகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன் எதிர்ப்புக் கிளம்புவதைப் பல நாடுகளில் காணலாம். இரைச்சல், பறவைகளுக்கு ஏற்படும் ஆபத்து ஆகியவற்றோடு மற்றொரு காரணமும் அடிக்கடி கூறப்படுகிறது. ‘எங்கள் ஊரின் இயற்கைக் காட்சி கெட்டுவிடும்’ என்பதே அது.

இக்குறையைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது சரியன்று. இக்காலக் காற்றாலைகள் பல 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. அஃது ஏறத்தாழ முப்பது மாடிக் கட்டடத்தின் உயரமாகும். அவற்றின் இறக்கைகள் சுழன்றுகொண்டே இருப்பதால் பார்வை தானாகவே அங்குச் செல்லும். இரவில் விமானங்களை எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் ஒளிரும். ஒருமுறை நிறுவப்பட்ட காற்றாலை 20 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே நிற்கக்கூடும். மின்சாரத்தின் பயன் நாடு முழுவதற்கும் கிடைக்கிறது. காட்சி மாற்றமோ அருகில் வாழ்பவர்களுக்கே உரியதாகிறது. எனவே, அவர்களின் கருத்தைக் கேட்பது முறையே. ஆனால், அதை எப்போது கேட்பது என்பதுதான் முக்கியமான கேள்வி.

இதற்கு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் நல்ல விடை தருகிறது. அந்நகரின் துறைமுகத்திலிருந்து சுமார் 3.5 கிலோமீட்டர் தொலைவில், மிடல்குருண்டன் என்னும் ஆழமற்ற கடற்பகுதி உள்ளது. அங்கு மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகளை நிறுவ முதலில் திட்டமிடப்பட்டது. 1997ஆம் ஆண்டில் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. அந்த மூன்று வரிசை அமைப்பைக் குறித்து விமர்சனம் எழுந்தது. திட்டம் மாற்றப்பட்டது. காற்றாலைகளின் எண்ணிக்கை 20ஆகக் குறைந்தது. மூன்று வரிசைகள் மெல்ல வளைந்த ஒரே வரிசையாயின. அவ்வளைவு, கோபன்ஹேகனைச் சுற்றியிருந்த பழைய கோட்டை அரண்களின் வடிவத்தை ஒட்டி அமைந்தது.

காற்றாலைகளின் இரைச்சலைக் குறித்தும் சிலர் அஞ்சினர். அவர்களிடம் வெறும் விளக்கம் சொல்வதோடு ஏற்பாட்டாளர்கள் நின்றுவிடவில்லை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஒரு காற்றாலைக்கு அவர்களை அழைத்துச் சென்று, அதன் ஓசையை நேரில் கேட்கச் செய்தனர். மேலும், திட்டத்தின் பாதி உரிமை ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் இருந்தது. 8,500க்கும் மேற்பட்டோர் அதில் பங்கு வாங்கினர். 2000ஆம் ஆண்டின் இறுதியில் 40 மெகாவாட் திறன் கொண்ட அப்பண்ணை இயங்கத் தொடங்கியது. கடற்கரையில் உலாவும் ஒருவர் தொலைவில் சுழலும் காற்றாலைகளைக் காட்டி, ‘அவற்றில் எனக்கும் பங்குண்டு’ என்று சொல்லும் நிலை உருவானது.

இதற்கு மாறான நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கரையை ஒட்டிய நாண்டக்கெட் கடற்பகுதியில் பெரிய காற்றாலைப் பண்ணை ஒன்றை அமைக்க, 2001ஆம் ஆண்டில் ‘கேப் விண்ட்’ என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. இடத்தைத் தனியார் நிறுவனமே தேர்ந்தெடுத்திருந்தது. கரையோரத்தில் வீடு வைத்திருந்த செல்வந்தர்கள் பலர் கடற்காட்சி பாழாகும் என்று எதிர்த்தனர். அவர்கள் மட்டும் எதிர்க்கவில்லை. அங்குப் பன்னெடுங்காலமாக வாழும் வாம்பனோக் பழங்குடியினர், கடலில் தடையின்றிச் சூரிய உதயத்தைக் காண்பது தங்கள் சமயச் சடங்கின் பகுதி என்றனர். அங்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பல நடந்தன. காற்றாலைகளின் எண்ணிக்கை 170இலிருந்து 130ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால், இடம் மாறவில்லை. 2010ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிறகும் வழக்குகள் நீண்டன. 2017ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 16 ஆண்டுகள் கடந்தும் அங்கு ஒரு காற்றாலைகூட எழவில்லை.

இவ்விரு திட்டங்களும் அளவில் ஒன்றல்ல. நாட்டுச் சட்டங்களும் வேறு. எனினும், இவற்றிலிருந்து ஒரு பாடம் தெளிவாகக் கிடைக்கிறது. கோபன்ஹேகனில் மக்கள் ‘எத்தனை, எந்த வடிவில்’ என்று பேச முடிந்தது. நாண்டக்கெட்டில் இடம் முன்பே முடிவாகிவிட்டதால், பலருக்கு ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களே மிஞ்சின. திருத்தும் வாய்ப்பு இல்லாத இடத்தில் கருத்துக் கேட்பது வெறும் சடங்காகவே முடியும்.

‘பருவநிலை மாற்றம் காத்திருக்காது, ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் வீணாகும்’ என்று சிலர் வாதிடலாம். அவசரம் உண்மைதான். ஆனால், கேட்காமல் தொடங்கிய பணி வழக்கிலும் போராட்டத்திலும் சிக்கினால் அதைவிட அதிகக் காலம் வீணாகும். ‘அழகு ஆளுக்கு ஆள் மாறுபடும், அதை எப்படி விவாதிப்பது?’ என்றும் சிலர் கேட்கலாம். அழகை அளக்க முடியாதுதான். ஆனால், காற்றாலையின் உயரம், எண்ணிக்கை, தொலைவு, வரிசை, நிறம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து பேசலாம்.

அதற்குச் சில ஏற்பாடுகள் தேவை. திட்டம் முடிந்தபின் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் கணினிப் படங்களை முன்கூட்டியே வெளியிட வேண்டும். எந்த இடத்திலிருந்து பார்ப்பது போல் அப்படங்கள் அமைய வேண்டும் என்பதை ஊர்மக்களே முடிவு செய்ய வேண்டும். இல்லையெனில், நல்ல கோணத்தை மட்டும் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஐயம் எழும். கூட்டத்தில் உரக்கப் பேசுபவரின் குரல் மட்டுமின்றி, மீனவர், முதியோர், மாணவர் ஆகியோரின் குரலும் கேட்கப்பட வேண்டும். வருமானத்தில் பங்கு தருவதும் நன்று. டென்மார்க்கில் 2009ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு, நிலத்தில் புதிய காற்றாலை அமைப்போர் 20 விழுக்காட்டுப் பங்குகளையேனும் அருகில் வாழ்வோர் வாங்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆயினும், பணம் கருத்துரிமைக்கு ஈடாகாது. முதலில் செவிமடுத்து, பிறகு பங்கு தந்தால்தான் அது மதிப்பாகும்; இல்லையெனில், வாயடைக்கத் தரும் கையூட்டாகவே தோன்றும்.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. ‘எங்கள் ஊரில் வேண்டாம்’ என்று சொல்பவர், வேறு எங்கு, எவ்வாறு அமைக்கலாம் என்பதையும் சிந்திக்க வேண்டும். எல்லா ஊரும் மறுத்தால் நிலக்கரியின் புகையே எஞ்சும். அதன் விளைவை அடுத்த தலைமுறை சுமக்கும்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற நிலநடுக்கோட்டுப் பகுதி நாடுகளில் காற்றின் வேகம் குறைவு. எனவே, பெரிய காற்றாலைப் பண்ணைகள் இங்கு அரிது. ஆனால், சூரியசக்தித் தகடுகள், மேம்பாலங்கள், கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலம் என ஒவ்வொரு வளர்ச்சித் திட்டமும் யாரோ ஒருவரின் கண்முன் உள்ள காட்சியை மாற்றவே செய்கிறது. தேர் நகர வேண்டுமானால் ஊர் கூடி வடம் பிடிக்க வேண்டும். தேர் செல்லும் பாதையை முடிவு செய்த பிறகு ஊரை அழைப்பதைவிட, பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே அழைப்பதுதான் அறிவுடைமை.