பூச்சி மாத்திரையும் பாட்டி லாஜிக்கும்

சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போனா, பாட்டி முதல் வேலையா வேப்பங்கொழுந்து உருண்டையை வாயில திணிச்சுடுவாங்க. யார் வயித்துல பூச்சி இருக்கு, யாருக்கு இல்லைன்னெல்லாம் பார்க்கறதில்ல. செலவு பூஜ்யம், எல்லாருக்கும் ஒரே உருண்டை.

2015-லேர்ந்து தேசிய குடற்புழு நீக்க நாள்னு 1 முதல் 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் கொடுக்கறாங்களே, அதுவும் பாட்டி லாஜிக்தான். ஆளாளுக்கு சோதனை பண்ற செலவை விட மாத்திரை மலிவு.

ஆனா இதால நிஜமாவே பலன் இருக்கான்னு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு மக்களே.

ஒரு பக்கம் காக்ரேன். ஒரே கேள்விக்கு நடந்த எல்லா ஆய்வையும் தேடிப் பிடிச்சு, தரம் பார்த்து, சேர்த்து முடிவு சொல்ற அமைப்பு. 2015-ல 45 ஆய்வுகளை அலசினாங்க. அதுல உத்தரப் பிரதேசத்துல பத்து லட்சம் குழந்தைகளை வச்சு நடந்ததும் ஒண்ணு. மொத்தமா எல்லாருக்கும் கொடுத்தா சராசரி எடையோ, ரத்தமோ, படிப்போ கூடறதாத் தெரியலைன்னுட்டாங்க.

இன்னொரு பக்கம் பொருளாதார ஆளுங்க. மைக்கேல் க்ரெமரும் (2019-ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர்) எட்வர்ட் மிகுவலும் 1998-லேர்ந்து கென்யாவோட புசியா பகுதியில 75 பள்ளிகள்ல செஞ்ச ஆய்வு. பசங்க மட்டம் போடறது கால்வாசி குறைஞ்சுதுன்னு 2004-ல எழுதினாங்க. 2015-ல வேற குழு அதையே திரும்பக் கணக்குப் போட்டப்ப, கோட்ல பக் இருந்தது தெரிஞ்சுது! (நம்ம பொழப்பு அங்கயும்.) தூரப் பள்ளிகளுக்குப் பரவினதா சொன்ன பலன் அடிபட்டுப் போச்சு. இருந்தாலும் 2021-ல வந்த 20 வருஷ பின்தொடர்தல்ல, கூடுதலா 2-3 வருஷம் மாத்திரை கிடைச்ச பசங்க பெரியவங்களானப்ப மணிக்கூலி 13% அதிகம்னாங்க.

யார் சரி? என் கருத்து, ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்றாங்க. காக்ரேன் கேட்டது "பலன் இருக்கா?". பட்ஜெட் போடறவர் கேக்கறது "இந்தக் காசுக்கு இதை விட நல்லது எது?". ஒரு குழந்தைக்கு வருஷம் ஒரு டாலருக்கும் கம்மியா ஆகுற விஷயத்துல, பத்துல ஒரு குழந்தைக்கு உதவினாலே லாபமா இருக்கலாம். ஆபீஸ்ல பக் லிஸ்ட் பார்க்கறப்ப எவ்வளவு பெரிய பக்னு மட்டுமா பார்க்கறோம்? சரி பண்ண எத்தனை நாள்னும் கேக்கறோம்ல? செலவைச் சொல்லாத ரிவ்யூ பாதி ரிவ்யூதான்.

அதுக்காக செலவையும் சராசரி எடுத்துப் போட்டுடாதீங்க. எடை எந்த ஊர்லயும் கிலோதான். புசியா வாத்தியார் சம்பளமும் நம்ம ஊர் சம்பளமும் ஒண்ணா? எத்தனை மாத்திரை, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம்னு சமையல் குறிப்பு மாதிரி கொடுங்க. அவங்கவங்க ஊர் விலையால பெருக்கிக்கட்டும். எவ்வளவு பேருக்குப் பூச்சி இருந்த ஊர்ங்கறதையும் பக்கத்துலயே போடுங்க.

இன்னொண்ணு. பொருளாதார ஆய்வுக்குத் தனி சலுகை வேண்டாம். அந்த 13% ஒரே ஒரு பகுதியில கிடைச்ச எண். மருந்து ஆய்வைச் சலிக்கற அதே சல்லடையில இதையும் போடணும். ஏன்னா மாத்திரை போட்டாலும் பூச்சி திரும்ப வரும். கழிப்பறை, தண்ணிக்கும் அதே பட்ஜெட்லேர்ந்துதான் காசு வரணும். தப்பா எடை போட்டா நஷ்டம் நமக்கில்ல, அந்தப் பசங்களுக்கு.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, பொருளாதாரமும் படிக்கல. தெரிஞ்சவங்க யாராவது பின்னூட்டத்துல வந்து திட்டிட்டுப் போங்க :-)