நூறில் ஒரு மில்லி

எங்கள் வீட்டில் 1984-ல் அப்பா வாங்கிய டேபிள் ஃபேன் ஒன்று இருக்கிறது. எடை, ஒரு நடுத்தர சைஸ் ஆட்டுக்குட்டி. அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அந்த ஃபேன் ஓடாமல் அம்மாவுக்கு இன்னும் தூக்கம் வராது. போன மாசியில் அது உறுமிக் குலுங்கி, ஸ்டூல் மேல் தானாகவே நகர ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த மெக்கானிக் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, "புஷ் போச்சு சார். இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது. காயலான் கடைல போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். அம்மா காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டாம்.

புஷ் ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. விரல் கணு அளவு ஓர் உலோகக் குழாய், அதற்குள் ஷாஃப்ட் சுற்றும். வெளி அளவு 12 மில்லி, ஓட்டை 8 மில்லி. இதற்காகவா புது ஃபேன்? கோயமுத்தூர்க்காரன், ஜி.டி.நாயுடுவின் ஊர் என்ற திமிர் வேறு. என் கைவசம் ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு அரம், எதிர் வீட்டுப் பெரியவரிடம் கடன் வாங்கிய மைக்ரோமீட்டர், ஒரு பி.காம். டிகிரி.

டிரில்லை வைஸில் படுக்கவைத்து, பித்தளைத் துண்டை அதன் வாயில் கொடுத்து, சுற்றவிட்டு அரத்தைப் பிடித்தேன். ஏழைகளின் லேத்! அப்புறம் ஓட்டை. 8 மில்லி பிட் போட்டால் 8 மில்லி ஓட்டைதான் விழும் என்று நம்புகிறவர்கள் காமர்ஸ் படித்தவர்கள் மட்டுமே. பிட்டின் இரண்டு முனைகளும் கொஞ்சம் ஏறுமாறாகத் தீட்டப்பட்டிருந்தால் போதும், ஓட்டை பெருத்துவிடும். ஒழுங்கான வட்டமாகவும் இருக்காது. ஷாஃப்ட் உள்ளே கலகலவென்று ஆடியது. இரண்டாவது துண்டைப் பிட் லபக்கென்று கவ்வி இழுத்து, என் கட்டைவிரலோடு சண்டைக்கு வந்தது. (பித்தளைக்கு இந்தக் குணம் உண்டாம். முன்னாடியே சொல்லக் கூடாதோ?) மூன்றாவதில் வெளி அளவு 12.01. ஃபேனில் அது உட்கார வேண்டிய இடம் சரியாக 12. இறுக்கமாக உட்காரும் என்று டீ குடித்துவிட்டு வந்து பொருத்தினால், ஜாலியாக உள்ளே போய் ஜாலியாக வெளியே வருகிறது!

துண்டை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன்.

"அளவு எப்பத் தம்பி எடுத்தீங்க?"

"அரம் போட்ட கையோட..."

"அதானுங்க. ஆற உட்டிருக்கோணும்."

பித்தளை ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 19 மைக்ரான் வளரும். 12 மில்லித் துண்டு 45 டிகிரி சூடேறினால் பத்து மைக்ரான், அதாவது நூறில் ஒரு மில்லி. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஏழாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு! பாலன்ஸ் ஷீட்டில் ஒரு பைசா உதைத்தாலே தூக்கம் கெடுகிற ஜாதி நான். இது எனக்குப் புரிந்தது. உலகம் பூராவும் அளவெடுக்க 20 டிகிரி என்று விதி வைத்திருக்கிறார்கள். நாம் ஊட்டிக்குத்தான் போக வேண்டும்.

பெரியவர் ரிட்டயர்டு டர்னர். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் ஒரு பழைய லேத் நிற்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இதெல்லாம் அதிசயமே இல்லை. "தேஞ்ச லேத்துங்க தம்பி, நாமதான் இதுக்குப் புத்தி குடுக்கோணும்" என்றவர், பித்தளையைத் தூக்கிப் போட்டுவிட்டு கன்மெட்டல் எடுத்தார். அதுதான் தேயாமல் உழைக்குமாம்.

அப்புறம் நடந்ததுதான் வித்தை. அந்த லேத்தில் டயலை ஒரு கோடு திருப்பினால் டூல் 0.05 மில்லி உள்ளே போகும். விட்டத்தில் 0.1 காலி. நமக்கு வேண்டியதோ அதில் பத்தில் ஒன்று. பெரியவர் மேலே இருக்கிற காம்பவுண்ட் ஸ்லைடை, லேத்தின் நீளவாக்கிலிருந்து ஐந்தே முக்கால் டிகிரி மட்டும் சாய்த்து வைத்தார். இப்போது அதே ஒரு கோட்டுக்கு டூல் சரிவாக நகர்ந்து, உள்ளே போவது 0.005 மட்டும். விட்டத்தில் 0.01! ப்ளஸ் ஒன்னில் நான் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவந்த 'சைன்' சமாச்சாரம், கார் ஷெட்டில் பனியனோடு நிற்கிறது.

ஒரு தடவை டயல் ஒரு கோடு தாண்டிவிட்டது. நான் பின்னால் திருப்பக் கை வைத்தேன். பட்டென்று ஓர் அடி. திருகில் ஆட்டம் இருக்கும், அப்படியே பின்னுக்கு இழுத்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முழுச் சுற்று பின்வாங்கி, மறுபடி முன்னால் வரவேண்டுமாம். துண்டைச் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் ஓட்டையும் வெளி வட்டமும் முடித்தார். ஓட்டைக்கு முதலில் 7.8 பிட், அப்புறம் 8 மில்லி ரீமர். புஷ்ஷை ஃபேனில் அழுத்தி இறக்கிய பிறகு ஓட்டை ஒரு பொட்டு சுருங்கும் என்று, கையாலேயே ரீமரை இன்னொரு தரம் விட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறவிட்டு மைக்ரோமீட்டர். 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் தன் பட்டறை மைக்ரோமீட்டருக்கு 'லார்டு சான்சலர்' என்று பேர் வைத்திருந்தாராம். தீர்ப்பு சொன்னால் அப்பீல் கிடையாது.

காசு வாங்க மறுத்துவிட்டார். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. எனக்குக் காலர் தூக்கத் தோன்றியது.

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா ரூமில் லைட். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடுதாடா அது?"

"காத்து வருதேம்மா..."

"சத்தத்தையே காணமே. உங்கப்பா இருந்த வரைக்கும் டொக்கு டொக்குனுட்டே இருக்கும்."

காலையில் பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, முன்பக்க வலைக் கம்பியின் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்விட்சைப் போட்டார். டொக்... டொக்...

"போதுங்களா?"

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு கால் சுத்துங்க."